பன்னிரண்டரை மணிப் பை

வேன் ஒன்று வாங்கப்போவதாக என் கணவர் சொன்னபோது, அவர் வயிற்றில் குழாய் வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. இருபது வருடச் சர்க்கரை நோய் உள்ளேயிருந்து செய்த வேலை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் இயந்திரத்தோடு படுத்துக்கிடப்பதா, வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்வதா என்று டாக்டர் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டுலயே," என்றார். தொப்புளுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துநீர் உள்ளே போகும். நாலைந்து மணி நேரம் வயிற்றுக்குள் தங்கி, இரத்தத்திலிருக்கும் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். காலை ஆறு, பகல் பன்னிரண்டரை, மாலை ஆறு, இரவு பத்து. தீபாவளியன்றும் நான்கு முறைதான்.

அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. வண்டி ஓட்டுகிற அளவுக்குத் தூரப் பார்வை இருந்தாலும், கிட்டத்தில் இருப்பது மங்கல். அதனால் பை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த மிஸ்ஸி நம் தமிழ்ப் பெண். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். முகமூடி போடணும், ஜன்னலைச் சாத்தணும், காற்றாடியை நிறுத்தணும், கையை இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவணும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, குழாயின் திறந்த முனையைக் காட்டினாள்.

"இத மட்டும் எதுவும் தொடக்கூடாது ஆண்ட்டி. உங்க விரல், சட்டை, காத்துல ஆடற துணி, எதுவும். தொட்ட மாதிரி சந்தேகம் வந்தாக்கூட, மூடிட்டு நேரா இங்க வந்துடணும். அடுத்த பைய மாட்டாதீங்க. மாட்டினா கிருமிய நாமளே உள்ள அனுப்பற மாதிரி."

"வந்துடுவேன்மா," என்றேன்.

பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவர் என் கணவர். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி ஓடியதில் நாங்கள் பார்த்த ஊர்கள் குறைவு. பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் தீவுக்கு எதிரே இருக்கும் மலாய்த் தீபகற்பம் முழுவதும் சுற்ற வேண்டும் என்று வைத்திருந்தார். அதற்குள் இது வந்துவிட்டது.

"பையைத் தூக்கிக்கிட்டு ஹோட்டல் ஹோட்டலா அலைய முடியாதுதான்," என்றார் ஒரு நாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது. "பை இருக்கற எடத்துலயே நாம இருந்துட்டா?"

ரொட்டிக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட பழைய வேன் கிடைத்தது. எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் வைத்தே நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். சின்னத் திருகாணிகளை மட்டும் நான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஒற்றை அடுப்பு, கூரையில் சூரியத் தகடு, அதற்கு ஒரு தனி பேட்டரி. முறையான சோதனைக்குக் கொண்டுபோய் அனுமதியும் வாங்கிவந்தார்.

வேனில் ஊர் சுற்ற நினைக்கிறவர்கள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது திரைச்சீலை, அலமாரி பற்றி. நான் முதலில் எடையைப் பற்றிச் சொல்வேன். எங்கள் மருந்துநீர்ப் பெட்டி ஒன்றை இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். அப்படி ஐந்தாறு பெட்டி. முதல் நாள் அவற்றை ஒரே பக்கமாக அடுக்கிவிட்டோம். வளைவில் வேன் குடிகாரன் போலச் சாய்ந்தது. கனமானதெல்லாம் கீழே, பின் சக்கரங்களுக்கு நேர் மேலே, பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். மேலே இருக்கிற அலமாரியில் துண்டும் அப்பளமும் மட்டும். பிரேக் அடித்தால் தலையில் விழப்போகிறது எது என்று ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். அறுபது லிட்டர் தொட்டி பார்க்கப் பெரிதாகத் தெரியும். குளிக்க, பாத்திரம் கழுவ, அரிசி களைய என்று எடுத்தால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். எனக்குக் கை கழுவச் சுத்தமான தண்ணீர் இல்லாமல் போனால் எல்லாமே நின்றுவிடும். அதனால் காய்ச்சிய தண்ணீரைப் பத்து லிட்டர் தகர டின்னில் தனியாக வைத்து, சிவப்புத் துணி கட்டினேன். அதை யாரும் தொடக்கூடாது. அவர் ஒரு தடவை அதில் கோப்பி கலக்கக் கை வைத்துத் திட்டு வாங்கினார்.

பை உயரத்தில் தொங்கினால்தான் தண்ணீர் இறங்கும். வேன் கூரையோ தாழ்வு. பல நாள் யோசித்துவிட்டு, கூரையை உயர்த்த முடியாது, என்னைத் தாழ்த்திக்கொள்கிறேன் என்று பாசார்ச் சந்தையில் ஒரு குட்டை பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்தார். அவர் அதில் உட்கார, தலைக்கு மேலே கொக்கியில் புதுப் பை, தரையில் ஒரு பேசினுக்குள் வடிகிற பை. சரியாக வேலை செய்தது. கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள் மட்டும் தொலைபேசியில் கத்தினாள். "ரெண்டு பேருக்கும் பைத்தியமாம்மா? அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பாப்பா?"

தீபகற்பம் சுற்றுவதற்கு முன்னால் சொந்தத் தீவிலேயே நாலு நாள் இருந்து பார்ப்பது என்று முடிவுசெய்தோம். ஏதாவது என்றால் ஒரு மணி நேரத்தில் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடலாம். ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பையை வீட்டில் முடித்துக்கொண்டு பாலிக் புலாவ் பக்கம் கிளம்பினோம்.

மேற்குக் கரையில் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு மீனவக் கம்பம், சின்னக் கிராமம். ஆற்றங்கரையில் நல்ல சமதளமான திடல், இரண்டு தென்னை, எதிரே படகுகள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தலாமா என்று கேட்டோம். தாராளமாக என்று கையை விரித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமைப் பைகள் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தன. மாலையில் என் கணவர் கரையில் நின்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுகளைப் பார்த்தார். குழாய் வைத்த பிறகு அவர் அப்படிக் கவலையில்லாமல் நின்று நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மழை பிடித்தது. மலை இருந்த இடமே தெரியவில்லை. வேன் கூரையில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அன்று பௌர்ணமி என்று எனக்குத் தெரியும், காலையில் மனதுக்குள் கும்பிடவும் செய்தேன். பௌர்ணமியன்று கடல் எவ்வளவு ஏறும், பகல் ஒரு மணிவாக்கில் ஏற்றம் உச்சத்துக்கு வரும், மேலே மழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் திரும்பும் என்பதெல்லாம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கடலோரம் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியிலிருந்து கடலைப் பார்க்கிறவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் வெறும் நிறமாற்றம்.

பன்னிரண்டரைக்குப் பை மாட்ட ஆரம்பித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். திரையை இழுத்தேன். காற்றாடியை நிறுத்தினேன். உள்ளே வியர்வை வழிந்தது. பழைய தண்ணீர் முழுவதும் வடிந்து, புதுசு பாதி இறங்கியிருந்தது. அப்போது வேனின் பக்கவாட்டில் யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள்.

"காக்! ஆயர் நாய்க்! காக்!"

நெத்திலி காயவைத்த அம்மாவின் குரல். அக்கா, தண்ணீர் ஏறுகிறது என்று கத்துகிறார். நான் கையுறை போட்ட கையோடு திரையைத் தொடாமல் அப்படியே நின்றேன். அவர் முக்காலியிலிருந்து சாய்ந்து முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"ஏய், திடலக் காணோம்," என்றார்.

கோப்பி நிறத் தண்ணீர் முன் சக்கரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. தென்னை மரங்கள் ஆற்றுக்குள் நிற்பது போல் இருந்தன. ஆறு எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் வேனின் மூக்கை ஆற்றைப் பார்க்க நிறுத்தியிருந்தோம், காலையில் கண் விழித்ததும் படகு தெரியட்டும் என்று. அப்படி ஒருநாளும் நிறுத்தக்கூடாது. வெளியே போகிற வழியைப் பார்த்துத்தான் வண்டி நிற்க வேண்டும். இப்போது பின்னால் எடுத்துத்தான் தப்பிக்க முடியும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத தரையில்.

"கழட்டு," என்றார். "சீக்கிரம்."

"இன்னும் பாதிதான் போயிருக்கு."

"பாதி போதும்! இஞ்சினுக்குள்ள தண்ணி போச்சுன்னா முடிஞ்சது. கழட்டுலா!"

திருகை மூடினேன். பையின் குழாயைப் பிரித்தேன். இப்போது அவர் வயிற்றுக் குழாயின் முனை திறந்திருக்கிறது. புது மூடியை எடுத்துத் திருக வேண்டும். பத்து விநாடி வேலை. மூடியின் உறையைக் கிழித்தேன். அந்த நேரம் வேன் லேசாக நகர்ந்தது, தண்ணீர் சக்கரத்தடி மணலை அரித்திருக்க வேண்டும். மூடி கையிலிருந்து தவறித் தரையில் விழுந்தது. இடது கையில் குழாயைப் பிடித்தபடி வலது கையால் இன்னொரு மூடிக்கு எட்டினேன். அப்போது கட்டில் பக்கத்துத் திரை அசைந்து வந்தது. அதன் ஓரம் என் மணிக்கட்டில் பட்டது. குழாயின் முனையிலும் பட்டதா?

பட்ட மாதிரி இருந்தது. படாத மாதிரியும் இருந்தது.

மூடியைத் திருகினேன்.

"சரியா மூடிட்டியா?" அவர் ஏற்கெனவே முன் இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ம்ம்," என்றேன்.

அந்த அம்மா கணுக்கால் தண்ணீரில் பின்னால் நின்றுகொண்டு, எங்கே தரை கெட்டியாக இருக்கிறதோ அங்கே கையைக் காட்டினார். அவர் கை காட்டிய பக்கமே என் கணவர் பின்னால் எடுத்தார். ஒரு தடவை சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. தரையில் கிடந்த பேசினிலிருந்து வடித்த பை உருண்டு என் காலில் மோதியது. வேகத்தைக் கூட்டாமல், கிளட்சை மெல்ல மெல்ல விட்டு விட்டுப் பிடித்தார். சக்கரம் எதையோ கவ்வியது. வேன் பின்னோக்கி ஏறித் தார் ரோட்டுக்கு வந்தது. அந்த அம்மாவுக்கு நாங்கள் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. அவர் தன் நெத்திலித் தட்டிகளைத் தூக்க ஓடிவிட்டார்.

அங்கிருந்து இருபது நிமிடத்தில், மேட்டில் இருக்கும் ஒரு டுரியான் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரச் சீனர் என் கணவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த எங்களை ஒரு நாள் முன்னதாகவே பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம். வெள்ளக் கதையை என் கணவர் அவருக்குச் சொன்னார். சொல்லச் சொல்லத் தண்ணீரின் உயரம் கூடிக்கொண்டே போனது. சிரித்தார்கள். நான் வேனுக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாக நினைவிருந்தது. சந்தேகம் வந்தாலே போதும். மூடிட்டு நேரா வந்துடணும். அடுத்த பைய மாட்டாதீங்க.

இப்போது நான் வாயைத் திறந்தால் பயணம் இங்கேயே முடிந்துவிடும். முதல் வெள்ளோட்டமே இப்படி ஆனால் தீபகற்பப் பயணம் என்ற பேச்சே இருக்காது. மகள் சொன்னது சரியாகிவிடும். நாலு மாதம் அவர் முழங்காலில் உட்கார்ந்து திருகிய ஒவ்வொரு ஆணியும் வீண். அதோடு, பட்டது என்று நிச்சயமாகத் தெரியாதே. திரை மணிக்கட்டில்தான் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலைப் பையை மாட்டினேன். இரவுப் பையையும் மாட்டினேன்.

வடித்த நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வீட்டில் ஒரு வழி உண்டு. பையைச் செய்தித்தாளின் மேல் வைத்து, அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் நீர் தெளிவாக இருக்கிறது, பயமில்லை. எழுத்து மங்கினால் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை நாலு பையையும் அப்படிப் பார்த்தேன். வழக்கமாக ஒரு வரி படிப்பவள் அன்று முழுப் பத்தியும் படித்தேன். பக்கத்தைத் திருப்பி வைத்துத் திரும்பவும் படித்தேன்.

"என்ன, பேப்பர இப்பதான் படிக்கற மாதிரி படிக்கற?" என்றார்.

"கண்ணாடி சரியில்ல," என்றேன்.

எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. மாலையில் தோட்டக்காரர் பழம் கொண்டுவந்து உடைத்தார். டுரியான் இவருக்கு ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். வாசனை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆகாது என்று நான் நம்ப ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பையை வடிக்கும்போது அவர் முகம் சுளித்தார். "கொஞ்சம் வலிக்குது," என்றார். வடிந்து முடிந்ததும் பையைச் செய்தித்தாளில் வைத்தேன். தலைப்பு எழுத்து மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தெல்லாம் அரிசி கழுவிய தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல இருந்தது.

புதுப் பையைக் கொக்கியிலிருந்து இறக்கி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தேன். அதே மிஸ்ஸிதான் எடுத்தாள்.

"கலங்கலா இருக்கும்மா."

"வலி இருக்கா? காய்ச்சல்?"

"வலி இருக்கு. உடம்பும் சுடுது."

"அந்தப் பையைக் கொட்டிடாதீங்க, கட்டி எடுத்துட்டு வாங்க. இப்பவே கிளம்புங்க. ஆம்புலன்ஸ் சொல்லவா?"

நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று கையாட்டினார். ஆம்புலன்ஸ் இந்தத் தோட்டத்து வழியைத் தேடி வருவதற்குள் நாமே போய்விடலாம் என்றார். எழுந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போகப் பார்த்தார். இரண்டு அடி வைத்தவர் அப்படியே குனிந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. தோட்டக்காரர் விடியற்காலையிலேயே பழம் ஏற்றிக்கொண்டு லோரியில் டவுனுக்குப் போயிருந்தார்.

"நான் ஓட்டறேன்," என்றேன்.

முப்பது வருடத்துக்கு முன் கியர் வண்டியில் உரிமம் எடுத்தவள் நான். அதன் பிறகு ஓட்டியதெல்லாம் தானாகக் கியர் மாறுகிற சின்னக் காடி. காரை இங்கே அப்படித்தான் சொல்வோம். இந்த வேனை ஒருநாளும் தொட்டதில்லை. கற்றுக்கொள் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியும், நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று தட்டிக்கழித்தேன். இரண்டு பேர் போகிற வேனை இரண்டு பேரும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்றுதான் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

கட்டிலில் படுத்துக்கொள்கிறேன் என்றார். ஓடுகிற வேனில் யாரும் படுக்கக்கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான். முன்னால் உட்காரவைத்து, பெல்ட் வயிற்றை அழுத்தாமலிருக்கத் துண்டை மடித்துக் கொடுத்தேன். கலங்கல் பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அவர் காலடியில் வைத்தேன். அடுப்பின் எரிவாயுவை மூடினேனா என்று ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் கியரிலேயே வேன் துள்ளி நின்றது. மறுபடி. மறுபடி. நான்காவது தடவை நகர்ந்தது.

டவுனுக்குச் சீக்கிரம் போக மலைச்சாலைதான் வழி. ஏறும்போது பரவாயில்லை. பின்னால் பெட்டிகளின் கனம் இழுத்தாலும் இஞ்சின் முனகிக்கொண்டே ஏறியது. உச்சியைத் தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து இறங்கியது. சனிக்கிழமை மழையில் சரிந்த மண் ஓரத்தில் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே லோரி. நான் பிரேக்கை மிதித்தேன். விடாமல் மிதித்தேன். ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது.

"மிதிச்சிக்கிட்டே இருக்காத," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டாம் கியர் போடு. இஞ்சின் புடிச்சிக்கும். பிரேக்க ஒரு தடவ அழுத்து, விட்டுடு. சூடாயிட்டா அப்பறம் பிடிக்கவே பிடிக்காது."

கியரை மாற்றினேன். இஞ்சின் உறுமிக்கொண்டு வேனைப் பின்னுக்கு இழுத்தது. பின்னால் கார்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன, ஒருவன் ஹாரன் அடித்தான்.

"அவன் அடிக்கட்டும். நீ பாட்டுக்கு வா. எடம் வரும்போது ஒதுங்கி வழிவிடு."

ஒரு வளைவில் அவருக்கு வலி கூடியது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வாந்தி வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "எங்க தப்பாச்சுன்னு தெரியலியே. எல்லாம் சரியாத்தானே செஞ்சோம்," என்றார்.

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. நான் ரோட்டைப் பார்த்தேன்.

பாயா திருபோங்கில் சமதளத்துக்கு வந்தபோது என் இடது கை கியர்க் கம்பியிலிருந்து வர மறுத்தது. காலை நேர நெரிசலில் அங்கிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசலிலேயே வேனை நிறுத்திவிட்டுச் சக்கர நாற்காலிக்கு ஓடினேன்.

கலங்கல் நீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, கிருமிக்கொல்லி மருந்தைப் புதுப் பையில் கலந்து மாட்டினார்கள். வயிற்றுக் குழாயின் நுனிப் பகுதியையும் மாற்றினார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். மிஸ்ஸி படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"ஆண்ட்டி, கடைசி ரெண்டு மூணு நாள்ல எங்கயாச்சும் முனை பட்டிச்சா? இல்ல மூடி கழண்டிச்சா? திட்டறதுக்கு கேக்கல. எழுதணும்."

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"சனிக்கிழமை மத்தியானம்," என்றேன். "தண்ணி ஏறிச்சு. அவசரத்துல மூடி விழுந்துடுச்சு. திரை பட்டிச்சான்னு சந்தேகம். அப்பறமும் பை மாட்டினேன். ஆறு பை மாட்டினேன்."

மிஸ்ஸி எழுதினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அதனாலதான் வந்திச்சின்னு சொல்ல முடியாது," என்றாள். "ஆனா அன்னைக்கே வந்திருந்தா, முனைய மாத்தி மருந்து குடுத்திருப்போம். இவ்வளவு தூரம் போயிருக்காது."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மகள் கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வேனை விற்றுவிடலாம் என்று கட்டிலின் இந்தப் பக்கம் என்னிடமும் அந்தப் பக்கம் அவரிடமும் சொன்னாள். நானும் விற்றுவிடலாம் என்றேன். அதைச் சொல்லும்போதாவது என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நீர் தெளிந்தது. மிஸ்ஸி பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். அவள் போன பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் கேட்டேன்ல. சரியா மூடிட்டியான்னு."

"கேட்டீங்க. நான் ம்ம்னு சொன்னேன்."

"அந்த ம்ம் சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். ஞாயித்துக்கெழம பேப்பர அப்படி படிச்சியே. அப்ப நிச்சயமாவே தெரிஞ்சிடுச்சு. கேட்டா நீ உள்ளத சொல்லிடுவ. சொன்னா திரும்பி வரணும். அதனால கேக்கல. மலையில எறங்கறப்ப தெரியாத மாதிரி பேசினதும் நடிப்புதான்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசாமல் என்னை வதைத்த மனிதர் இவர். பிறகு அந்தக் கோபம் அவர்மேல்தானா, இருவர்மேலுமா என்று பிரிக்க முடியாமல் போயிற்று. நான் எழுந்துபோய் அவருக்குக் குடிக்க அளந்து வைத்திருந்த தண்ணீரை எடுத்து வந்தேன். அவர் குடித்தார்.

கிருமிக்கொல்லி மொத்தம் பதினான்கு நாள். வீட்டுக்கு வந்தும் தொடர்ந்தது. டாக்டர் மறுபடி பயணம் போகலாம் என்று சொல்ல மூன்று மாதம் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டார். மகளிடம் நான்தான் சொன்னேன். அவள் தொலைபேசியில், "டெய்லி ரெண்டு தடவ போன் பண்ணணும்மா," என்றாள்.

அந்த மூன்று மாதமும் நான் ஞாயிறு காலைகளில் ஜெலுத்தோங் பக்கத்துக் காலி ரோடுகளில் அந்த வேனை ஓட்டிப் பழகினேன். பின்னால் எடுப்பதை மட்டும் நூறு தடவையாவது செய்திருப்பேன். கட்டில் பக்கத்துத் திரையைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் இறுக்கி ஒட்டிக்கொள்கிற தடித்த அட்டை வைத்தார் அவர். மூடிகளைச் சட்டென்று எடுக்கிற மாதிரி என் வலது கைப்பக்கம் ஒரு சின்னப் பெட்டி. முன் கண்ணாடிக்குக் கீழே கடல் ஏற்ற அட்டவணை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விதியும் வைத்துக்கொண்டோம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால் மற்றவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டியைத் திருப்ப வேண்டும்.

இரண்டாவது பயணம், தீவையும் தீபகற்பத்தையும் இணைக்கும் பெரிய பாலத்தைத் தாண்டி நிபோங் திபால் பக்கம். பாலத்தின் மேல் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், கோயிலுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. பன்னிரண்டரைக்குப் பையை மாட்டினேன். தண்ணீர் பாதி இறங்கும்போது, என் சட்டையின் கை, மூடிகள் இருந்த பெட்டியில் உரசியது போல இருந்தது. முனையில் இல்லை. பெட்டியில்தான். அப்படித்தான் நினைத்தேன்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றேன்.

அவர் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். காலையில்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தோம். அன்று மாலை கோயிலில் பூஜை இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"சரி, மூடு," என்றார். "கிளம்பலாம்."

ஆஸ்பத்திரியில் முனையை மாற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை ஆறு மணிப் பையை வீட்டில் முடித்துக்கொண்டு, பசியாறிவிட்டு, திரும்பவும் பாலத்தில் ஏறினோம்.